ஈயடிச்சான் காப்பி

போன மாதம் வீட்டுக்கு ஒரு மிக்ஸி ஜார் வாங்கினேன். பில்லின் அடியில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வழக்கமான மிரட்டலுக்குக் கீழே, பொடி எழுத்தில் 'ஈ. அண்ட் ஓ.ஈ.' என்று அச்சாகியிருந்தது. பி.காம். படித்தவன் இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, இது என்ன?" என்று கேட்டேன்.

கடைக்காரர் பில்லை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதா? எல்லா பில்லுலயும் இருக்கும் சார்."

"அதான், என்னன்னு?"

"பிரஸ்காரன் போட்டுக் குடுத்துடுவான். ஜி.எஸ்.டி. சம்பந்தமா ஏதாச்சும் இருக்கும்."

ஜி.எஸ்.டி.க்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி இல்லை. 'எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் எக்ஸெப்டட்' என்பதன் சுருக்கம் அது. பில்லில் கூட்டல் தப்பாகவோ, ஏதாவது விட்டோ போயிருந்தால் பிறகு திருத்திக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லி வைப்பது. கையால் கணக்கெழுதிய காலத்தில் ரொம்பத் தேவைப்பட்ட வாசகம். அதை ஒரு கோயில் கும்பாபிஷேக நன்கொடை ரசீதிலும் பார்த்திருக்கிறேன். 501 ரூபாய் கொடுத்திருந்தேன். ஆண்டவன் கணக்கிலும் விடுபடல் வரலாம் என்று நிர்வாகக் கமிட்டி யோசித்திருக்கும் போலிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஈயடிச்சான் காப்பி. துரை கொடுத்த தஸ்தாவேஜை நகல் எடுத்த குமாஸ்தா, அசலில் ஓர் ஈ செத்து ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க ஆபீஸைச் சுற்றி ஓடி ஓர் ஈயைப் பிடித்து அடித்து, நகலில் அதே இடத்தில் ஒட்டினாராம். குமாஸ்தாவைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது, கவனியுங்கள். கண்ணும் கருத்துமாக வேலை பார்த்திருக்கிறார். அந்த ஈ அங்கே ஏன் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்டர்நெட்டில் நாம் எல்லோரும் இந்தக் குமாஸ்தாதான்.

என் தாய்மாமா ரிட்டயர்ட் தலைமை ஆசிரியர். முப்பது வருஷம் பையன்களை 'பார்த்து எழுதாதே' என்று காதைத் திருகியவர். ஒரு நாள் காலையில் அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் நீளமாக ஓர் ஆங்கில அறிவிப்பு. 'என் படங்களையும் தகவல்களையும் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு நான் அனுமதி தரவில்லை, மீறினால் சட்டப்படி நடவடிக்கை' என்கிற தோரணையில். நடுவில் யு.சி.சி. 1-308 என்று ஒரு சட்டப் பிரிவு, ரோம் சாசனம் என்று ஓர் உடன்படிக்கை. கடைசியில், 'ஷேர் செய்யாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள்' என்று ஒரு கட்டளை.

போன் பண்ணினேன். "மாமா, ரோம் சாசனம்னா என்ன?"

"ஏதோ இன்டர்நேஷனல் லா மாப்ளே. நம்ம வக்கீல்கூடப் போட்டிருக்காரே!"

வக்கீலும் போட்டிருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல். ரோம் சாசனம் 1998-ல் ஏற்கப்பட்டு 2002-ல் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றை விசாரிக்க, நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய உடன்படிக்கை. இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை. மாமாவின் அறுபதாம் கல்யாண போட்டோவை ஃபேஸ்புக் எடுத்துக்கொண்டால் அது போர்க்குற்றத்தில் சேராது. யு.சி.சி. என்பது அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பு. சரக்கு விற்பது, புராநோட்டு, செக் சமாச்சாரம். திருச்சியில் பென்ஷன் வாங்குகிறவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த நம்பர் உள்ளே வந்த கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அரசாங்கமே தங்களைக் கட்டுப்படுத்தாது என்று நம்புகிறவர்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் 'யு.சி.சி. 1-308' என்று எழுதிவிட்டால் வரி, டிராஃபிக் அபராதம் எதுவும் தங்களைத் தொடாது என்பது அவர்களில் பலருடைய நம்பிக்கை. கோர்ட்டுகள் இதை ஏற்பதில்லை. அங்கே ஒரு கூட்டம் மந்திரம் மாதிரி எழுதிக்கொண்டிருந்தது கடல் தாண்டி வந்து மாமா வீட்டு வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயுமாகத் தொங்கிவிட்டது.

இந்த அறிவிப்பின் 2012-ம் வருஷத்து வடிவத்தில் இன்னொரு தமாஷ். காப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையை அது 'பெர்னர் உடன்படிக்கை' என்று குறிப்பிட்டது. பெர்ன் என்பது சுவிட்சர்லாந்தில் ஓர் ஊர், 1886-ல் உடன்படிக்கை அங்கே கையெழுத்தானது. யாரோ ஒருவர் கை தவறி ஒரு 'ர்' சேர்த்துவிட்டார். அந்த 'ர்' காப்பிக்குக் காப்பி பத்திரமாக உலகம் சுற்றியது. செத்த ஈ!

சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இது பழகிய விஷயம். எந்த ஏட்டைப் பார்த்து எந்த ஏடு எழுதப்பட்டது என்பதைப் பிழைகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். இரண்டு ஏட்டிலும் ஒரே இடத்தில் ஒரே தப்பு இருந்தால் இரண்டும் உறவு. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்னால் பல ஏடுகளை வைத்துக்கொண்டு மல்லாடியது இந்த மாதிரி பாட வேறுபாடுகளோடுதான். 2009-ல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வாசகம் ஃபேஸ்புக்கில் இதே மாதிரி 'காப்பி செய்து போடுங்கள்' என்று பரவியது. ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்களே பிற்பாடு அதை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், அதில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாட பேதங்கள். உ.வே.சா. இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

சட்டத்துக்கு வருவோம். கல்லூரியில் எனக்கு ஒழுங்காகப் புரிந்த ஒரே பேப்பர் மெர்க்கன்டைல் லா. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 62. ஓர் ஒப்பந்தத்தை மாற்றுவதென்றால் இரண்டு தரப்பும் சம்மதிக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் அவர் வீட்டுக் கதவிலேயே 'இனி வாடகை பாதிதான்' என்று எழுதி ஒட்டிக்கொண்டால் வாடகை குறையாது. அக்கவுன்ட் ஆரம்பித்த அன்றைக்கே 'சம்மதம்' என்ற பட்டனை அமுக்கினோமே, அதுதான் ஒப்பந்தம். படிக்காமல் அமுக்கியது நம் கெட்டிக்காரத்தனம். 2012-லேயே இந்த அறிவிப்பில் உண்மை இல்லை என்று ஃபேஸ்புக் சொல்லிவிட்டது. ஆனாலும் 2015, 2016 என்று ஐப்பசி மழை மாதிரி வந்துகொண்டே இருந்தது. 2019 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராமுக்குக் குடிபெயர்ந்தபோது அதை எடுத்துப் போட்டவர்களில் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் ஒருவர். இன்னொருவர் ரிக் பெர்ரி. அப்போது அமெரிக்காவின் எரிசக்தித் துறை அமைச்சர். அந்த நாட்டு அணு ஆயுதங்களைப் பராமரிப்பது அந்தத் துறைதான் என்பதை நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. 2024 செப்டம்பரில், 'என் தகவல்களைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று புது சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்தது. மறுபடி பிரபலங்கள், மறுபடி லட்சக்கணக்கானவர்கள்.

'போட்டா என்ன சார் நஷ்டம்? பலிச்சா லாபம், பலிக்காட்டி ஒண்ணும் போகப்போறதில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். மாமாவும் அதையேதான் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் வரவு செலவில் ஓர் அயிட்டம் விட்டுப்போகிறது. (இ. அண்ட் ஓ.ஈ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த அறிவிப்புக்கு நேர் கீழே அடுத்த வாரம் மாமா போட்ட படம் இது: பேத்தி பள்ளிக்கூட யூனிஃபார்மில் நிற்கிறாள். சட்டையில் பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிகிறது. படத்துக்கு மேலே 'இன்று முதல் ஏழாம் வகுப்பு' என்ற வரி. பக்கத்தில் குட்டியாக ஒரு பூமி உருண்டை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கான அடையாளம் அந்த உருண்டை. அதைத் தொட்டு 'நண்பர்கள் மட்டும்' என்று மாற்ற நாலு விநாடி ஆகும்.

"மாமா, அந்த உருண்டையை மாத்துங்க" என்றேன்.

"அதான் நோட்டீஸ் போட்டாச்சே மாப்ளே!"

நஷ்டம் இதுதான். பூட்டின் படத்தைக் கதவில் வரைந்துவிட்டு மனிதர் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார். அந்த நிம்மதி இல்லாதிருந்தால் நிஜப் பூட்டைத் தேடியிருப்பார்.

சில காப்பிகளில் ஒரு சேதமும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹேஷ்டேக் என்கிற அந்த # குறியை ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களை ஒன்றாகத் திரட்டுவதற்காக 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸினா என்பவர் யோசனை சொன்னார். இன்றைக்கு நம் ஆட்கள் '#இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அப்பா' என்று போடுகிறார்கள். நடுவில் இடைவெளி விட்டால் 'இனிய' என்பதோடு ஹேஷ்டேக் முடிந்துவிடும். அப்பா வெளியே நிற்பார். பாவம், நிற்கட்டும். பொட்டு மாதிரி ஒரு அலங்காரம் என்று விட்டுவிடலாம்.

2019 மே கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்ததே, ஞாபகமிருக்கிறதா? ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்க, நம்மூர்க்காரர் ஒருவர் 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு தலையில் சுத்தியல் விழுந்ததை நிஜச் செய்தி மாதிரி எழுத, விஷயம் தெரியாத இன்னொருவர் 'அவர் நலமா?' என்று விசாரித்துவிட்டார். அப்புறம் கேட்கவேண்டுமா! யாரென்றே தெரியாத வெளிநாட்டுக்காரர்கள்கூட நேசமணி குணமாக வேண்டினார்கள். ஆங்கிலத்தில் அவர் பெயருக்குள் யாரோ ஓர் அநாவசிய 'ஏ' எழுத்தைச் செருகிவிட்டார், அதையும் லட்சம் பேர் அப்படியே அடித்தார்கள். அங்கேயும் ஓர் ஈ. ஆனால் யாருக்கும் எதுவும் போகவில்லை. இரண்டு நாள் சிரித்தோம்.

ஒரு வருஷம் கழித்து நடந்தது சிரிப்பாக இல்லை. 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் இறந்தார். இசைத் துறையில் வேலை பார்த்த ஜமீலா தாமஸ், பிரியானா அகிமாங் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள், ஜூன் 2, செவ்வாய்க்கிழமை அன்று தங்கள் துறை வழக்கமான வியாபாரத்தை நிறுத்திவிட்டு யோசிக்கட்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். கறுப்பினக் கலைஞர்களால் கொழுத்த துறை அந்த மக்களுக்கு என்ன செய்தது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. அது கைமாறிக் கைமாறி, அன்று காலையில் 'இன்ஸ்டாகிராமில் ஒரு கறுப்புச் சதுரம் போடவேண்டும்' என்பதாக மட்டும் மிஞ்சியது. ஒரு கோடிக்கு மேல் கறுப்புச் சதுரங்கள். போட்டவர்களில் பலர், எல்லோரும் போடுகிறார்களே என்று 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' ஹேஷ்டேக்கையும் சேர்த்துப் போட்டார்கள். அந்த ஹேஷ்டேக்கில்தான் எங்கே ஊர்வலம், கைதானவர்களுக்கு ஜாமீன் பணம் எங்கே அனுப்புவது, போலீஸ் என்ன செய்கிறது என்ற தகவல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தேடிப் போனவர்களுக்கு வரிசையாகக் கறுப்புச் சதுரம்தான் வந்தது. 'தயவுசெய்து அந்த ஹேஷ்டேக்கை எடுத்துவிடுங்கள்' என்று போராட்டக்காரர்களே அன்று முழுக்கக் கெஞ்சவேண்டியிருந்தது. சதுரம் போட்டவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். ஆதரவு தருவதாக நினைத்து மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ எல்லாக் காரணமும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எதையும் செய்யணுமா?' என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது சிரமம். அப்படி இருந்தால் நாம் காலையில் பல்கூட விளக்க முடியாது. காரணம் தெரியாமல் பின்பற்றிப் பிழைத்தவர்கள்தான் அதிகம். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். நாம் வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான். ஏன் என்று அந்தப் பெண்களுக்கு வேதியியல் தெரியாது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஸ்பெயின், வட இத்தாலி ஏழைகளுக்கு 18-ம் நூற்றாண்டிலிருந்து பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். சோளத்தில் இருக்கும் ஒரு பி வைட்டமின் சுண்ணாம்பு சேர்ந்தால்தான் உடம்புக்குக் கிடைக்கும் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

ஆக, மெக்சிகோப் பாட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் காப்பியடித்திருந்தால் பிழைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் பல தலைமுறைகள் தின்று பார்த்த அனுபவம் இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் பழக்கத்துக்கு வயது இரண்டு மணி நேரம். அதைத் தின்று பார்த்தவர் யாருமில்லை. என் தட்டுக்கு வந்துவிட்டது, உங்கள் தட்டுக்குத் தள்ளுகிறேன்.

காலேஜ் லீவில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாக இருந்தேன். வவுச்சரையும் லெட்ஜரையும் ஒப்பிட்டுப் பச்சை மையில் டிக் போடவேண்டும். மூன்றாவது நாள் சலிப்பு வந்து, பக்கத்துப் பையன் செய்ததைப் பார்த்து, நானும் வவுச்சரைத் திறக்காமலே பக்கம் முழுக்க டிக் போட ஆரம்பித்தேன். பார்க்க அழகாக இருந்தது. சீனியர் வந்தார், ஒரு டிக்கின் மேல் விரலை வைத்தார். "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் பார்த்தேன்னு அர்த்தம். நீ பார்த்தியா?" என்றார். காது சூடானது. அந்தப் பக்கத்தை முதலிலிருந்து பார்த்தேன். மறக்கவே மறக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

2021 மே. கொரோனாவின் இரண்டாவது அலை. ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ஜனங்கள் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று ஓய்ந்திருந்த சமயம். படுக்கை, ஆக்ஸிஜன் எங்கே கிடைக்கும் என்ற பட்டியல்கள் போனில் கொட்டிக்கொண்டிருந்தன. முகம் தெரியாத பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, இருக்கிறதா என்று கேட்டு, 'வெரிஃபைட்' என்று எழுதி நேரத்தையும் போட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு போன் கால் இருந்தது. நாலைந்து நாளில், பட்டியலை வெட்டி ஒட்டியவர்கள் நேரத்தை விட்டுவிட்டார்கள், வார்த்தையை வைத்துக்கொண்டார்கள். அப்புறம் யாரும் கூப்பிட்டே பார்க்காத பட்டியல்களின் தலையிலும் 'வெரிஃபைட்' வந்து உட்கார்ந்தது. போடாவிட்டால் யாரும் மதிப்பதில்லை என்பதால்.

எங்கள் மாடி வீட்டுப் பெரியவருக்கு ஆக்ஸிஜன் அளவு 84-க்கு இறங்கிய ராத்திரி, என்னிடம் அப்படி ஒரு பட்டியல் வந்தது. நாற்பது நம்பர் இருக்கும். வந்த வேகத்தில் மூன்று குரூப்புக்குத் தள்ளிவிட்டுத்தான் நானே போன் போட ஆரம்பித்தேன். முதல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இரண்டாவது தவறான நம்பர். ஏழாவதோ எட்டாவதோ ஒரு சின்னப் பையன் எடுத்தான். "அண்ணா, அந்த சிலிண்டர் முந்தாநேத்தே போயிடுச்சு. தயவுசெஞ்சு லிஸ்ட்லேர்ந்து என் நம்பரை எடுக்கச் சொல்லுங்கண்ணா. ரெண்டு நாளா தூங்கல. எல்லாரும் அழறாங்க" என்றான். பெரியவருக்கு மறுநாள் மத்தியானம் அரசு மருத்துவமனையில் இடம் கிடைத்தது. பிழைத்துக்கொண்டார். பட்டியலால் அல்ல.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும், அறிமுகமில்லாத நம்பரிலிருந்து போன். திருவள்ளூர் பக்கம் என்றார். நான் அனுப்பிய குரூப் ஒன்றில் அவரும் இருந்திருக்கிறார்.

"சார், நீங்க போட்ட லிஸ்ட்ல பதினாறு நம்பர் பார்த்துட்டேன், ஒண்ணும் கிடைக்கல. வெரிஃபைட்னு போட்டிருக்கீங்களே... எந்த நம்பர் சார் நீங்க பேசினது? அதைச் சொல்லுங்க, நேரா அதுக்கே போட்டுடறேன். வீட்டுக்காரிக்கு முடியல."

"நான் பேசலைங்க. எனக்கு வந்தது, அனுப்பிட்டேன்" என்றேன்.

"ஓ, சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். கோபப்படக்கூட அவருக்கு நேரமில்லை. பதினேழாவது நம்பரிலிருந்து நான் கூப்பிட ஆரம்பித்தேன்.